மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வு: சீன மூலிகை எடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் மருந்துக்கடையில் நிற்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. கிளினிக் கொப்பியை நீட்டுகிற கை, பின்னாலேயே ஒரு சீனப் போத்தலையும் நீட்டும். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கிற மகள் ஊருக்கு வரும்போது கொண்டுவந்தது. "அப்பா ஹார்ட் அட்டாக்குக்குப் பிறகு ஒரே யோசனையாக இருக்கிறார், இது மனதுக்கு நல்லதாம், குடிக்கலாமோ?" என்று கேட்பார்கள். மேசையடியில் நின்று ஒரு நிமிடத்தில் சொல்லக்கூடிய பதில் இல்லை. அதனால்தான் இந்தப் பக்கம்.

மாரடைப்பு வந்தவர் சோர்ந்துபோவது இயல்புதானே? நாளாகச் சரிவராதா?

முதல் இரண்டு மூன்று கிழமை பயமும் அலுப்பும் எல்லோருக்கும் இருக்கும். பலருக்கு அது தானாக விலகும். ஆனால் மாரடைப்பு வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, வைத்தியம் தேவைப்படுகிற அளவு மனச்சோர்வு வருகிறது. அது விலகுவதில்லை, குடியிருக்கிறது.

எங்கள் ஊரில் இதைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். "எனக்கு மனம் சரியில்லை" என்று எந்த ஐயாவும் வாய்விட்டுச் சொல்லமாட்டார். "நெஞ்சு அடைக்குது", "உடம்பு ஏலாது", "நித்திரை இல்லை" என்பார். வீட்டுக்காரர் அதைக் கேட்டு மறுபடியும் ஈ.சி.ஜி. எடுக்க ஓடுவார்கள். ஈ.சி.ஜி. நன்றாக இருக்கும், ஐயா அப்படியே இருப்பார். 1995 இடம்பெயர்வையும் 2009ஐயும் கடந்து வந்தவர் என்றால் பழைய இழப்புகளும் சேர்ந்துகொள்ளும். மாரடைப்பு அவற்றையெல்லாம் கிளறிவிட்டிருக்கலாம்.

இருதயப் பலவீனமா, மனச்சோர்வா என்று வீட்டில் எப்படி அறிவது?

உறுதியாக அறிவது டொக்டரின் வேலை. சந்தேகப்படுவதற்கு இரண்டு கேள்விகள் போதும். உலகம் முழுவதும் இருதயக் கிளினிக்குகளில் கேட்கிற கேள்விகள்தான் இவை. கடந்த 2 கிழமைகளில், வழக்கமாகப் பிடித்த விஷயங்களில் ஆர்வமே இல்லாமல் இருந்தீர்களா? மனம் விழுந்து, ஒரு நம்பிக்கையும் இல்லாமல் இருந்தீர்களா?

இரண்டில் ஒன்றுக்காவது "பாதி நாளுக்கு மேல் அப்படித்தான்" என்று பதில் வந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள். பின்னேரம் கோயிலடிக்குப் போய்க் கதைக்கிற மனிதர் படலையடியைக்கூட எட்டிப் பார்ப்பதில்லை, பேரப்பிள்ளை வீடியோவில் வந்தாலும் போனை மற்றவரிடம் கொடுத்துவிடுகிறார் என்றால், அதுவே முதல் கேள்விக்கான பதில்.

மனம் சோர்ந்தால் இருதயத்துக்கு என்ன?

நிறைய இருக்கிறது. 1993இல் மொன்றியலில் மாரடைப்பு வந்த 222 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், மனச்சோர்வு இருந்தவர்கள் 6 மாதத்துக்குள் இறப்பது மற்றவர்களைவிடத் தெளிவாக அதிகம் என்று தெரிந்தது. அதன்பிறகு வந்த ஏராளமான ஆய்வுகளைப் பார்த்து, 2014இல் அமெரிக்க இருதயச் சங்கம் மனச்சோர்வையும் ஓர் ஆபத்துக் காரணியாகவே கணக்கில் எடுக்கவேண்டும் என்றது.

காரணம் இரண்டு வழியில் போகிறது. உடம்புக்குள் இரத்தத் தட்டுகள் ஒட்டும் தன்மை கூடுகிறது, அழற்சி கூடுகிறது, இருதயத் துடிப்பு நிலைமைக்குத் தக்கபடி மாறுகிற திறன் குறைகிறது. வெளியே, மனிதர் மருந்தை விடுகிறார், நடக்க மறுக்கிறார், விட்ட சிகரெட்டைத் திரும்ப எடுக்கிறார். மருந்துக்கடையில் எங்களுக்கு முதலில் கண்ணில் படுவது இந்த இரண்டாவது வழிதான். மாதம் முடிந்தும் குளிசை மிச்சமிருக்கும்.

சீன வைத்தியத்தில் இதற்கு என்னதான் கொடுக்கிறார்கள்?

சீன மருத்துவம் இருதயத்தையும் மனதையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. மனம் குடியிருப்பது இருதயத்தில் என்பது அதன் அடிப்படை. கவலையும் அடக்கிவைத்த கோபமும் கல்லீரலின் பொறுப்பில் ஓடுகிற உயிர்ச்சக்தியைத் தேங்கச் செய்யும், தேக்கம் இரத்த ஓட்டத்தையும் மறிக்கும், நெஞ்சுநோ வரும் என்று விளக்குவார்கள். இந்தக் கல்லீரல் உடற்கூற்றியல் சொல்கிற கல்லீரல் அல்ல. எங்கள் வாதம், பித்தம், கபம் போல அது அவர்களுடைய கணக்கு. இன்றைய சீனாவிலும் ஹு டாயி என்ற இருதய நிபுணர் முன்னின்று, இருதயத்தையும் மனதையும் சேர்த்தே பார்க்கிற கிளினிக்குகளைப் பரப்பினார். அந்த எண்ணம் எனக்குப் பிடிக்கும்.

மருந்துக்கு வருவோம். அதிகம் கைக்கு வருவது சியாவ்யாவ் என்ற கூட்டு. சோங் வம்சக் காலத்து அரச மருந்தகத் தொகுப்பில் இருக்கிறது, வயது சுமார் 900 ஆண்டு. சாய்ஹு வேர், டாங்குவெய், வெள்ளைப் பியோனி வேர், அதிமதுரம், கொஞ்சம் இஞ்சி, புதினா என்று போகும். இன்னொன்று சாய்ஹு ஷுகான். இதில் காய்ந்த தோடம்பழ இனத் தோலும், ஷியாங்ஃபு என்ற கிழங்கும் உண்டு. அந்த ஷியாங்ஃபு வேறொன்றுமில்லை, எங்கள் வயலில் களையென்று பிடுங்கி எறிகிற கோரைக்கிழங்குதான். மூன்றாவது ஷுயெஃபு ஜுயூ. வாங் சிங்ரென் என்ற வைத்தியர் 1830இல் எழுதிவைத்தது. நெஞ்சில் தேங்கிய இரத்தத்தை ஓடவிடுவதற்கென்று சொல்லப்படுவதால் இருதய நோயாளிகளுக்கு இதைத்தான் அதிகம் கொடுக்கிறார்கள். நித்திரைக்கென்று வருகிற கூட்டில் முதன்மையானது இலந்தை இனத்து விதை. இவை தவிர டான்ஷென் என்ற சிவப்பு வேர் தனியாகவும், பல இருதயக் குளிசைகளுக்குள் கலந்தும் வரும். இந்தப் பெயரை நினைவில் வைத்திருங்கள், கீழே திரும்ப வரும்.

சரி, வேலை செய்யுமா?

சில மூலிகைக் கூட்டுகளுக்கு மனச்சோர்வைக் குறைக்கிற தன்மை இருக்கக்கூடும். இருதய நோயாளிகளிடம் அது நிரூபிக்கப்படவில்லை. இரண்டும் உண்மை.

சீனாவில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன, எண்ணிக்கையும் குறைவில்லை. பெரும்பாலானவை நல்ல பலன் என்றே முடிகின்றன. சந்தேகமும் அங்கேதான் தொடங்குகிறது. அனேகமானவை சிறியவை, சில கிழமைகளில் முடிந்துவிடுபவை. யாருக்கு மூலிகை, யாருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை என்பது நோயாளிக்கும் தெரியும், வைத்தியருக்கும் தெரியும். மனச்சோர்வை அளப்பது நோயாளி சொல்கிற பதிலை வைத்து. நல்ல மருந்து குடிக்கிறோம் என்று தெரிந்தவர் நல்ல பதில்தானே சொல்வார்? பக்கவிளைவைப் பல ஆய்வுகள் ஒழுங்காக எழுதிவைக்கவுமில்லை. 1998இல் வெளியான ஓர் அலசல், சீனாவிலிருந்து வந்த அக்குபங்சர் ஆய்வுகள் எல்லாமே வெற்றி என்று முடிந்திருந்ததைக் காட்டியது. எந்த மருத்துவத்திலும் அப்படி நடக்காது. தோற்ற ஆய்வுகள் அச்சேறவில்லை என்றுதான் எண்ணத் தோன்றுகிறது.

அதற்காகச் சீன மூலிகை என்றாலே ஏமாற்று என்று சொல்பவன் நானில்லை. டொங்சின்லுவோ என்ற கூட்டு மருந்தை 2023இல் ஒழுங்காகப் பரிசோதித்தார்கள். கடும் மாரடைப்பு வந்த 3,700க்கு மேற்பட்டவர்கள், சீனாவில் 124 வைத்தியசாலைகள், யாருக்கு எது என்று தெரியாமல் மறைத்துக் கொடுத்த ஆய்வு. 30 நாளில் மரணம், மறுமாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மருந்து எடுத்தவர்களில் 3.4 சதவீதம், எடுக்காதவர்களில் 5.2 சதவீதம். மனம் இருந்தால் மூலிகையையும் இப்படிச் சோதிக்கலாம் என்பதற்கு இது சாட்சி. ஆனால் அது மாரடைப்புக்கான ஆய்வு, மனச்சோர்வுக்கானதல்ல. சீன வைத்தியசாலையில், டொக்டர் கண்காணிப்பில், வழமையான இருதய மருந்துகளோடு கொடுக்கப்பட்டது. சூட்கேஸில் வந்த போத்தலுக்கு அந்தச் சான்றைப் பொருத்த முடியாது.

இயற்கை மூலிகைதானே, என்ன கெடுதல் வரப்போகிறது?

இருதய நோயாளி வெறும் வயிற்றோடு அந்த மூலிகையைச் சந்திப்பதில்லை. ஐந்தாறு மருந்து ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. கெடுதல் அனேகமாக அந்தச் சந்திப்பில்தான்.

முதலாவது வாஃபரின். இரத்தம் உறையாமல் தடுக்கிற குளிசை, வால்வு மாற்றியவர்களும் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களும் எடுப்பது. இதை எடுப்பவர்களுக்கு ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை எண்ணைப் பொதுவாக 2க்கும் 3க்கும் இடையில் வைத்திருக்கப் பார்ப்பார்கள், சில வால்வுகளுக்குக் கொஞ்சம் கூட. 1990களில் ஹொங்கொங் டொக்டர்கள் எழுதிவைத்த சம்பவங்கள் உண்டு: வாஃபரினோடு டான்ஷென் எடுத்தவர்களுக்கு அந்த எண் 8க்கு மேல் போயிருக்கிறது, இரத்தம் கசிந்திருக்கிறது. டாங்குவெய்யும் அப்படியே. 1999இல் பதிவான ஒரு பெண்ணுக்கு, வாஃபரின் அளவை மாற்றாமலேயே ஐ.என்.ஆர். இரட்டிப்புக்கு மேல் ஏறியது. தேடித்தேடிப் பார்த்ததில் காரணம் டாங்குவெய். ஜின்செங் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. வாஃபரினின் வேலையைக் குறைத்து, இரத்தம் உறைய விடுகிறது.

இரண்டாவது அதிமதுரம். சீனக் கூட்டுகளில் பாதிக்குப் பாதி இது இருக்கும், எங்கள் கசாயங்களிலும் இருக்கும். நாள்பட எடுத்தால் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். பிரஷர் ஏறும், கால் வீங்கும், துடிப்பு தடுமாறும். தண்ணீர் போவதற்கென்று புருசமைட் எடுப்பவருக்குப் பொட்டாசியம் இரு பக்கத்தாலும் போகும். டிஜொக்சின் என்ற இருதயக் குளிசையும் எடுப்பவர் என்றால் ஆபத்து இன்னும் கிட்ட. தொண்டைக் கரகரப்புக்கு ஒரு துண்டு சப்புவதை நான் சொல்லவில்லை. மாதக்கணக்கில் மூன்று வேளையும் எடுப்பதைத்தான் சொல்கிறேன்.

மூன்றாவது சாய்ஹு. இது சேர்ந்த ஒரு கூட்டு ஜப்பானில் கல்லீரல் நோயாளிகளுக்குப் பரவலாகக் கொடுக்கப்பட்டது. 1990களில் சிலருக்கு நுரையீரல் அழற்சி வந்து மரணமும் ஏற்பட்டதால், கல்லீரல் அழற்சிக்குக் கொடுக்கிற இன்டர்ஃபெரோன் மருந்தோடு சேர்த்துக் கொடுக்கக்கூடாது என்று அந்நாட்டு அரசு எச்சரித்தது.

நோவுக்கான சில கூட்டுகளில் வருகிற நாபி இனத்து வேரும், மாஹுவாங் என்ற எபெட்ராவும் இருதய நோயாளியின் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. முன்னது துடிப்பைக் குழப்பும். பின்னது பிரஷரையும் துடிப்பையும் ஏற்றும் என்பதால் அமெரிக்கா 2004இல் அதைச் சத்துமாத்திரைகளில் தடை செய்தது.

வாஃபரின் இல்லை, அஸ்பிரினும் குளோபிடோகிரெலும்தான். அப்படியென்றால் பரவாயில்லையா?

ஆபத்து குறைவு, இல்லையென்று அல்ல. டான்ஷென், டாங்குவெய், குசும்பப்பூ, ஜின்கோ எல்லாம் இரத்தம் உறைவதைத் தாங்களும் கொஞ்சம் தடுப்பவை. ஸ்ரென்ட் (அடைத்த இரத்தக் குழாயைத் திறந்துவைக்கிற சிறு வலைக்குழாய்) வைத்த முதல் வருடத்தில் இரண்டு குளிசையே போதிய அளவு இரத்தத்தை இளக்கிவைத்திருக்கும். மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால் முரசில் கசிவு, காரணமில்லாத கண்டல், கறுத்த மலம் வரலாம். கறுத்த மலம் என்றால் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

போத்தலில் எல்லாம் சீன எழுத்து. உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படி அறிவது?

ஒரு அம்மா கொண்டுவந்த போத்தலைச் சொல்கிறேன். உள்ளங்கையில் அடங்குகிற அளவு. உள்ளே மிளகைவிடச் சிறிய கறுப்பு உருண்டைகள், 200 இருக்கும் என்று போட்டிருந்தது. 8 உருண்டை, நாளைக்கு 3 வேளை. முன்பக்கத்தில் ஆங்கிலத்தில் நரம்புக்கும் நிம்மதிக்கும் நல்லது என்கிற மாதிரி ஒரு வரி, அவ்வளவுதான். பக்கவாட்டில் கடுகெழுத்தில் முழுக்கச் சீனம். போன் கமராவைப் பிடித்து மொழிபெயர்க்கிற செயலியில் பார்த்தோம். வரிசையில் மூன்றாவது டான்ஷென். அம்மாவின் கொப்பியில் வாஃபரின். அந்தக் கிழமை ஐ.என்.ஆர். பார்க்கச் சொல்லி அனுப்பினோம், போத்தலையும் கையோடு கொண்டுபோகச் சொல்லி.

செயலி சொல்வதையும் முழுக்க நம்பவேண்டாம். மருந்தின் பெயரைக் கேட்டுப் பார்ப்பதைவிட, லேபிளின் எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து வைத்திருப்பது உதவும். வெளிநாட்டில் வாங்கியிருந்தால், அந்த நாட்டின் பதிவு இலக்கம் போட்டிருக்கிறதா என்று பிள்ளையிடம் கேளுங்கள். கனடாவில் விற்பதென்றால் இயற்கை மருந்துகளுக்கென்று ஓர் இலக்கம் கட்டாயம்.

லேபிளில் இல்லாதது உள்ளே இருப்பதும் உண்டு. மூலிகை என்ற பெயரில் விற்ற பல குளிசைகளுக்குள், ஆண்மைக்குறைவுக்குக் கொடுக்கிற சில்டெனாஃபில் என்ற மருந்து கலந்திருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறார்கள். "ஆண்களுக்குத் தெம்பு" என்று போட்ட போத்தல்களில்தான் அது அதிகம். நெஞ்சுநோவுக்கு நாக்கின் கீழ் வைக்கிற குளிசையோடு அது சேர்ந்தால் பிரஷர் சட்டென்று விழுந்து உயிருக்கே ஆபத்து. மனச்சோர்வுள்ள ஆண்கள் வெட்கத்தில் சொல்லாமல் வாங்குகிற போத்தலும் இதுதான்.

பிள்ளை அனுப்பியது சீன மருந்தல்ல, சென் ஜோன்ஸ் வோர்ட். அது நல்லதாமே?

சாதாரண மனச்சோர்வுக்கு மூலிகைகளில் ஓரளவு நல்ல சான்று உள்ளது அதற்குத்தான். ஆனால் இருதய நோயாளிக்கு வேண்டாம். வாஃபரின், டிஜொக்சின், சில கொலஸ்ட்ரோல் குளிசைகள் எல்லாவற்றையும் கல்லீரலும் குடலும் வேகமாக வெளியேற்றும்படி செய்துவிடும். எடுத்த மருந்து எடுக்காதது போலாகும். மனச்சோர்வுக் குளிசையோடு சேர்ந்தால் வேறு ஆபத்து.

எங்கள் சித்த மருந்து எடுக்கலாமா? அது ஊர் மருந்துதானே.

அதே கேள்விகளை அதனிடமும் கேட்கவேண்டும். ஊர் மருந்து என்பதால் வாஃபரின் அதற்கு விலக்குக் கொடுக்காது. ஒரு பெரிய வித்தியாசம் உண்டு: இங்கே மருந்து கொடுப்பவரை நேரில் கேட்கலாம். கைதடியில் யாழ் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவக் கல்வி நடக்கிறது, படித்துப் பதிவுபெற்ற வைத்தியர்கள் இருக்கிறார்கள். கிளினிக் கொப்பியைக் காட்டினால் பார்த்துச் சொல்வார்கள். பரம்பரைப் பரியாரியாரிடம் போனாலும் கொப்பியோடு போங்கள்.

அமுக்கிராவைக் குறிப்பாகச் சொல்லவேண்டும். மனதுக்கும் நித்திரைக்கும் என்று இப்போது எல்லோரும் வாங்குகிறார்கள். தைரொயிட் அளவைக் கூட்டலாம், கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. தைரொயிட் கூடினால் துடிப்பு கூடும். வல்லாரைச் சம்பலைச் சாப்பாட்டோடு சாப்பிடுவதற்கு ஒரு தடையுமில்லை. வாஃபரின் எடுப்பவர் மட்டும் கீரை வகையை ஒரு கிழமை நிறைய, ஒரு கிழமை ஒன்றுமே இல்லை என்று ஆக்காமல் ஒரே அளவில் வைத்திருக்கவேண்டும்.

மனநோய்க் குளிசை இருதயத்துக்குக் கூடாது என்கிறார்களே?

பழைய குளிசைகளைப் பற்றி அது உண்மை. அமிட்ரிப்டிலின் போன்றவை துடிப்பைக் குழப்பும் என்பதால் இருதய நோயாளிக்குப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். அந்தக் கதைதான் ஊரில் இன்னும் ஓடுகிறது.

புதிய வகைக் குளிசையான சேர்ட்ரலினை, மாரடைப்போ அதற்குக் கிட்டிய கடும் நெஞ்சுநோவோ வந்தவர்களிடமே வைத்துப் பரிசோதித்திருக்கிறார்கள். 2002இல் வெளிவந்த ஆய்வில் 369 பேர், 24 கிழமை. இருதயத்துக்குப் பாதுகாப்பு என்று தெரிந்தது, கடும் மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பலனும் தெரிந்தது. கொரியாவில் 300 பேரில் பாதிப்பேருக்கு அதே வகையைச் சேர்ந்த எசிட்டலோபிராமும் மற்றவர்களுக்கு வெறும் மாத்திரையும் 24 கிழமை கொடுத்து, ஏறத்தாழ 8 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். மரணம், மறுமாரடைப்பு, மறுபடி ஸ்ரென்ட் வைப்பது எல்லாம் சேர்த்து, எடுத்தவர்களில் 40.9 சதவீதம், வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 53.6 சதவீதம். எல்லா ஆய்விலும் இப்படி வரவில்லை. 2,481 பேரிடம் நடந்த பெரிய ஆய்வொன்றில், முக்கியமாகப் பேச்சுச் சிகிச்சை கொடுத்தார்கள். மனம் தேறியது, ஆயுளில் வித்தியாசம் வரவில்லை. என்னைக் கேட்டால், மனம் தேறுவதே போதிய காரணம்.

பக்கவிளைவு இல்லையா? உண்டு. அஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசிகிற வாய்ப்பு கொஞ்சம் கூடும், அதற்கு டொக்டர் வயிற்றுக்கு மருந்து சேர்ப்பார். இதே வகையிலுள்ள சிட்டலோபிராமை 60 வயதுக்கு மேல் நாளைக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பதில்லை. பலன் தெரிய 2 முதல் 6 கிழமை செல்லும். அதற்குள் "ஒரு சுகமும் இல்லை" என்று நிறுத்திவிட்டுச் சீனப் போத்தலுக்குத் தாவுவதுதான் இங்கே அடிக்கடி நடப்பது.

துடிப்பையும் பிரஷரையும் குறைக்கிற பிசொப்ரொலோல் போன்ற குளிசையால்தான் சோர்வு வந்ததா?

அலுப்பு வரலாம். மனச்சோர்வைக் கொண்டுவருகிறது என்ற பழைய குற்றச்சாட்டு, 2002இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது நிற்கவில்லை. நீங்களாக நிறுத்தாதீர்கள். சட்டென்று விட்டால் நெஞ்சுநோ திரும்பலாம்.

"விசர் டொக்டரிடம்" போனால் சனம் என்ன சொல்லும்?

சனம் சொல்லத்தான் செய்யும். ஆனால் நேரே மனநலப் பிரிவுக்குப் போகவேண்டும் என்றுமில்லை. இருதயக் கிளினிக்கிலேயே சொல்லலாம், குடும்ப டொக்டரே சேர்ட்ரலின் தொடங்கலாம். தேவையென்றால் யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. போரின் காயத்தோடு வாழ்கிற சனத்தைப் பார்த்துப் பார்த்து அனுபவப்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். "இருந்தென்ன பயன்", "போய்ச் சேர்ந்தால் நல்லது" என்று ஒருவர் கதைத்தால் மட்டும் கிளினிக் நாளைப் பார்த்திருக்கவேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது.

மருந்தே இல்லாமல் ஏதும் வழி?

நடை. சும்மா சொல்லவில்லை: 2012இல் வெளிவந்த ஆய்வில், மனச்சோர்வுள்ள இருதய நோயாளிகளுக்கு ஒழுங்கான உடற்பயிற்சி சேர்ட்ரலின் அளவுக்கே கைகொடுத்தது. எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்று டொக்டரிடம் கேட்டுத் தொடங்குங்கள். வெயில் ஏறுமுன் நடக்கட்டும், கூட ஒருவர் போகட்டும்.

அப்பா ஏற்கெனவே ஒரு மாதமாகச் சீன மருந்து குடிக்கிறார். இப்போது என்ன செய்வது?

வாஃபரின் எடுப்பவர் என்றால் இந்தக் கிழமையே ஐ.என்.ஆர். பாருங்கள், மூலிகை எடுக்கிற விஷயத்தையும் சொல்லுங்கள். நிறுத்தினாலும் எண் மாறும் என்பதால் நிறுத்திய பிறகும் ஒரு தடவை பார்க்கவேண்டும். மற்றவர்களுக்கு அடுத்த கிளினிக்வரை மூலிகையை நிறுத்திவைப்பது நல்லது. இருதயக் குளிசைகளையும் மனச்சோர்வுக் குளிசையையும் நிறுத்தக்கூடாது. பைபாஸுக்கோ வேறு ஒப்பரேசனுக்கோ திகதி கொடுத்திருந்தால், 2 கிழமைக்கு முன்பே மூலிகை எல்லாம் நிற்கவேண்டும். மயக்கம், படபடப்பு, இரத்தக் கசிவு வந்தால் 1990 அம்புலன்ஸ். கண் மஞ்சளாவது, மூச்சு முட்டுவது தெரிந்தாலும் அன்றைக்கே போகவேண்டும்.

டொக்டரிடம் சொன்னால் ஏசமாட்டாரா?

சிலர் ஏசுவார்கள், மறைக்கவில்லை. நெரிசலான கிளினிக்கில் அவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். அதனால் கதையாகச் சொல்லாமல் கொப்பிக்குள் ஒரு துண்டு வைத்துக் கொடுங்கள்: மருந்தின் பெயர், எப்போது தொடங்கியது, நாளைக்கு எத்தனை, ஏன் எடுக்கத் தொடங்கினார். கடைசியாகச் சொன்ன அந்த "ஏன்" முக்கியம். "நித்திரை இல்லை, யாருடனும் கதைப்பதில்லை, இரண்டு மாதமாகிறது" என்று அங்கே எழுதியிருந்தால், போத்தலைப் பற்றி ஏசி முடித்த பிறகாவது டொக்டரின் கண் அதில் விழும்.